கொக்கியோட

புதுக்கடையில் இன்றைக்கு எனக்கு வேலை இல்லை.
லீவு போட்டுவிட்டு வந்து
மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் கடைசி வாங்கில்
கைப்பையை மடியில் வைத்தபடி இருக்கிறேன்,
யாருடையவோ உறவுக்காரி போல.

முன்னால் கறுப்பு அங்கிகள் இங்கிலீசில் பேசுகின்றன.
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கக் கட்டு.
நூற்றெழுபத்தெட்டாம் பக்கத்தில், ஒன்பதாம் வரியில்
நான் இருக்கிறேன்.
பெயர் இல்லை. வாய் மட்டும்.

ஆறு வருசத்துக்கு முந்தி, மேல் நீதிமன்றத்தில்,
ஐந்தாம் குறுக்குத் தெருத் தேத்தண்ணிக் கடை நிஸ்தார்
கூண்டில் ஏறிச் சொன்னார்:
"அழகுமலை கொக்கியோட தான் வந்த."
மூச்சு விடாமல் நான் சிங்களத்தில் கொடுத்தேன்:
"கொக்க அரகென ஆவா."
பிழை இல்லை. எந்தச் சிங்களவரும் அப்படித்தான் சொல்லுவார்.
அந்த மொழியில் ஒன்றோடு வருவதென்றால்
அதை எடுத்துக்கொண்டுதான் வரவேண்டும்.

தட்டெழுத்துக்காரி தட்டினாள்.
நிஸ்தாரின் தமிழ் மின்விசிறிக் காற்றோடு போயிற்று.
அதை எழுதிவைக்கிற வழக்கம் அங்கே இல்லை.

பிறகு யாரோ என் சிங்களத்தை இங்கிலீசாக்கினார்கள்.
இப்போது அரச தரப்புச் சட்டத்தரணி
அந்த வரியில் விரலை ஊன்றி நிற்கிறார்:
கொக்கியை எடுத்தான். வந்தான்.
இரண்டு வினை, நடுவில் ஒரு முற்றுப்புள்ளி.
அந்தப் புள்ளிக்குள் யோசிக்க நேரம் இருந்ததாம்,
மனசு ஆற, திரும்பிப் போக
நேரம் இருந்ததாம்.
ஆகவே இது திடீர்ச் சண்டை அல்ல,
நாலாம் விதிவிலக்குப் பொருந்தாது,
கொலைதான்.

ஐயா, நாட்டாமியின் கையில்
விடிய நாலு மணிக்கு ஏறுகிற கொக்கி
வெங்காய லொறி வெறுமையாகும்வரை இறங்காது.
தேத்தண்ணி குடிக்கும்போதும் தோளில் கொழுவியிருக்கும்.
அதை அவன் எங்கேயிருந்து எடுப்பது?

நான் இதைச் சொல்லவில்லை.
கடைசி வாங்குக்குக் குரல் கிடையாது.

சண்டை, முப்பத்தேழா முப்பத்தெட்டா என்பதில்.
மூட்டைக்கு நாற்பது ரூபாய்.
சந்தனம் எண்ணியது ஒன்று, அழகுமலை எண்ணியது ஒன்று.
ஒரே லயத்தில் பிறந்து, ஒரே ரயிலில்
கோட்டைக்கு வந்து இறங்கியவர்கள்.
தாயை இழுத்துப் பேசியது யார் முதலில் என்று
கடைசிவரை சாட்சியத்தில் வரவேயில்லை.
கழுத்தில் ஒரு காயம். ஒன்றே ஒன்று.

தீர்ப்பு நாளில் விளக்கை அணைத்தார்கள்,
விசிறியை நிறுத்தினார்கள், எழும்பி நின்றோம்.
தூக்கு என்று அவனுக்குத் தமிழில் சொன்னதும் நான்தான்.
அவன் நீதிபதியைப் பார்க்கவில்லை, என்னைக் கேட்டான்:
"எத்தன வருசம், மிஸ்?"

சில ராத்திரிகளில் வேறொன்று வரும்.
நிஸ்தார் கொக்கியோட என்றாரா,
கொக்கிய எடுத்திட்டு என்றாரா?
எத்தனை பேரின் பேச்சு என் வாய்க்குள்ளால் போயாயிற்று.
வேண்டியதை இப்போது என் காது
தானாகவே கேட்டுக்கொள்கிறதோ என்னவோ.

தீர்ப்பு ஒத்திவைப்பு.
படியில் வந்து கையைப் பிடித்தாள் தவமலர்,
சந்தனத்தின் மனைவி.
முன்பு அவள் சாட்சியத்தையும் நான்தான் பெயர்த்தேன்,
அழுததை மட்டும் அப்படியே விட்டுவிட்டு.
"உள்ளுக்க என்னங்க மிஸ் சொன்னாங்க?
அவன விட்டுருவாங்களா?"

முன்யோசனை, திடீர், ஆத்திரம், கணப்பொழுது
எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றன.
"பத்தொன்பதாம் திகதி" என்றேன்.
"பத்தொன்பதுங்களா?"
"ஓம்."
பஸ் டிக்கெட்டின் பின்பக்கம்
இலக்கமாக எழுதினேன்.
இலக்கம் பிழைக்காது என்றுதான் நினைத்தேன்.
கொடுக்கக் கையை நீட்டியபோது
மூட்டைக் கணக்கு நினைவு வந்தது.
திரும்ப வாங்கி
இன்னொரு தரம் பார்த்துக் கொடுத்தேன்.