அவ லீவு

பதினெட்டாயிரம் ரூபா எண்ணிக் கொடுத்தேன்,
திருமலை வீதி மாடிச் சலூனில்.
மெர்லின் வாசல் வரைக்கும் வந்து சொன்னாள்:
மூன்று நாளைக்குத் தண்ணி படக்கூடாது,
கிளிப் குத்தக்கூடாது,
காதுக்குப் பின்னால் ஒதுக்கக்கூடாது,
வேர்க்கக்கூடாது.
வேர்க்கக்கூடாதாம்.
ஆடி மாதம். மட்டக்களப்பில்.

என் வீடு கல்லடியில்.
கிழக்கே கடல், மேற்கே வாவி,
நடுவில் நானும் ஒரு மேசைக் காற்றாடியும்.
இரண்டு தண்ணியும் இரவில் எழும்பி வந்து
ஜன்னல் கம்பியில் குந்தியிருக்கும்.
மல்லாந்து கிடந்தேன்,
முடியைத் தலையணைக்கு மேலே விரித்து,
மணலில் காயப்போட்ட வலை மாதிரி.
கிறுகிப் படுத்தால் மடிப்பு விழும்.
மூன்று இரவும் முகட்டோட்டை எண்ணினேன்.
இருநூற்றுப் பதினான்கு. இரண்டு வெடிப்பு.

நாலாம் நாள் பாலத்தில் ஸ்கூட்டி ஓடினேன்.
நல்ல கச்சான் காற்று.
ஹெல்மெட்டுக்குக் கீழே
முடி முழுக்க ஒரே திசையில் போனது.
முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவை
என் தலையில் எல்லோருக்கும் ஒரே கருத்து.

வங்கியில் எனக்கு அடகுக் கவுண்டர்.
ஆவணி, அறுவடை முடிந்த கிழமை,
படுவான்கரையிலிருந்து யோகமலர் வந்தாள்,
களிமண் காய்ந்த செருப்போடு,
காசை ரப்பர் வளையத்தில் சுற்றிக்கொண்டு.
என்னைப் பார்த்தாள்.
எனக்குப் பின்னால் பார்த்தாள்.
"இதில இருக்கிற சுருட்டைத்தலைப் புள்ள எங்க?
அவட்டத்தான் கொடியைக் குடுத்தநான்.
அவ வரட்டும்."

நான்தான் என்று சொல்ல வாய் வந்தது.
ஏனோ,
"அவ லீவு" என்றேன்.

"பறவாயில்ல, இருக்கன்."
பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள்.
பதினொன்றரை, பன்னிரண்டு.
முகாமையாளர் இரண்டு தரம் எட்டிப் பார்த்தார்.
கடைசியில் கூப்பிட்டு
வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் காட்டினேன்.
அவள் தன் பற்றுச்சீட்டைப் பக்கத்தில் வைத்தாள்.
கிருபாஜினி.
கடைசி எழுத்தின் சுழியை
மெர்லினாலும் நீட்ட முடியவில்லை.

நம்பினாள்.
ஆனாலும் கொடியை இரண்டு தரம் நிறுக்கச் சொன்னாள்.

அதுக்குப் பிறகு எல்லாம் கணக்கு.
உப்பில்லாத ஷாம்பூ, கிழமைக்கு இரண்டு முறை.
கிணறு உவர், அதனால்
கடைசி வாளிக்கு மட்டும் பைப் தண்ணி.
துவாயால் தேய்க்கக்கூடாது,
தம்பியின் பழைய டீசேர்ட்டால் ஒற்ற வேணும்.
(அவன் தேடினான். தெரியாது என்றேன்.)
ஐந்து ரூபாக் குற்றியளவு சீரம், நுனிக்கு.
விடியக்காலம் அயன், நூற்றெண்பது பாகை.
ஒரு திங்கட்கிழமை பாதித் தலையில் கரண்ட் போனது.
இடப்பக்கம் வங்கி.
வலப்பக்கம் வீடு.
இரண்டையும் சேர்த்துக் கொண்டை போட்டுக்கொண்டு ஓடினேன்.

ஐப்பசியில் காற்றுக் கிறுகியது.
வாவி நிறமே மாறிவிட்டது.
முதல் மழைக்கு ஈசல் எழும்புகிற மாதிரி
வகிட்டின் இரு பக்கமும்
சின்னச் சின்னதாய் எழும்பின,
அமுக்கினால் அமுங்காமல்,
சீரத்துக்கும் பயப்படாமல்.
கண்ணாடிக்கு முன்னால் விரல் வைத்து அளந்தேன்.
வேரிலிருந்து இரண்டு விரல் நான்.
அதுக்குக் கீழே பதினெட்டாயிரம் ரூபா.

கார்த்திகையில் உரத்துக்குக் காசு தேடி
மறுகா யோகமலர்.
அதே கொடி, அதே ரப்பர் வளையம்.
குடையை உதறினாள்,
இரண்டு துளி என் பேரேட்டில்.
முகத்தைப் பார்க்கவில்லை.
நேரே உச்சியைப் பார்த்தாள்.

"வந்திட்டாவா?"

"மூணு விரல் வந்திருக்கா."

"காணும்" என்று
கொடியைத் தட்டில் வைத்தாள்.

ஏழரைப் பவுண்.
இந்த முறை ஒரு தரம்தான் நிறுத்தேன்.
டிசம்பர் இருபதுக்கு
மெர்லினிடம் நாள் எடுத்திருக்கிறேன்.
அதை அவளுக்குச் சொல்லவில்லை.