மூன்றாம் வரிசை

தார்த்து நகரில் நவம்பர்.
மூன்றரை மணிக்கே விளக்கு.
உறையவைத்த சுண்டெலி மூளையை
லேலோ சீவுகிறாள்,
வெங்காயச் சருகிலும் மெல்லிசாய்.
சாயம் ஏறியதும்
கண்ணாடித் தகட்டில் எழும்பும் ஒரு வயல்:
மீசைமுடி ஒவ்வொன்றுக்கும் ஒரு பாத்தி,
ஐந்து வரிசை.
இதில் நான்குதான்.

பிறந்த அன்றே
மூன்றாம் வரிசை முடிகளின் வேரைச் சுட்டாயிற்று.
சுட்டது அவள்தான்;
பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது.
மூளையை யாரும் தொடவில்லை.
ஆனாலும்
சேதி வராத நிலத்தில் பாத்தி கட்டாது அது.
இரண்டாவதும் நான்காவதும்
பங்காளிகள்போல் வரப்பைத் தள்ளித் தள்ளி
நடுநிலத்தை
ஒரு கோடாக நெரித்துவிட்டன.

பக்கத்துத் தகடு, ஏழாம் நாள் சுட்ட குஞ்சு.
முடி போயிற்று, வயல் போகவில்லை.

ஐந்தில் வளையாதது என்று
ஆண்டில் கணக்குச் சொல்வார்கள்.
இங்கே கணக்கு நாளில்.

காரெலுக்கு ஆறு வயது.
பிறக்கும்போது தோள் சிக்கி
இழுத்த இழுப்பில்
கழுத்தடி நரம்புகள் அறுந்தன.
நான்காம் மாதம்
கெண்டைக்கால் நரம்பெடுத்து ஒட்டுப்போட்டார்கள்.
ஓடுகிறது என்கிறது மின்பரிசோதனை.
சொன்னால் விரல் மடங்கும்.
சொல்லாவிட்டால்
வலக்கை மேசைமேல் கிடக்கும்,
யாரோ மறந்துபோன கையுறை.
பல் முளைத்த நாளில்
அந்த விரல்களைக் கடித்துப் புண்ணாக்கினான்.
அவன் அழவில்லை.

இரவு, ரொட்டித் துணுக்குகளை வழித்துவிட்டு
அவன் கண்ணைத் துண்டால் கட்டுகிறாள்.
சீவல்களை ஏந்தும் தூரிகையின் ரகம்தான்,
இரண்டாம் எண்; கடையில் வாங்கிய புதுசு.
இது எந்த விரல்?
"கட்டைவிரல்."
இது?
"கட்டைவிரல்."
சுண்டுவிரல் என்று அவள் சொல்லவில்லை.
குறித்துக்கொள்கிறாள்.
இது?

குளிர்பெட்டி முனகி ஓய்கிறது.
மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள்.

"தெரியல.
ஆனா பக்கத்து வீட்டுல யாரோ
நடக்குற மாதிரி இருக்கு."

பென்சில் நிற்கிறது.
இதற்குக் கட்டம் இல்லை அட்டவணையில்.
சுண்டெலிக்கு நாலு நாள்;
பிள்ளைக்கு எத்தனை என்று
எந்தத் தகட்டிலும் அவள் பார்த்ததில்லை.
தூரிகையை உதறி
அதே இடத்தில் வைக்கிறாள்.

எந்தப் பக்கத்து வீடு, காரெல்?
இடப்பக்கமா, வலப்பக்கமா?