காட்சி 42

செக்காலை ரோட்டு லாட்ஜில், ஒன்பதாம் எண் அறையில்,
இருபத்தாறு நாளாகச் சிகப்பியை
ஒரு வாசற்படியில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.
வயது நாற்பத்தொன்று. இடது கையில் ஃபைல்.
தன் பங்கைக் கிரயம் எழுதிக் கொடுத்துவிட்டு
சேது எக்ஸ்பிரஸில் சென்னை திரும்ப வேண்டும்.
அவளுடைய எல்லாம் எனக்குத் தெரியும்,
செருப்பு அளவு, சர்க்கரை அளவு,
சிரிக்கும்போது எந்தப் பல்லை மறைப்பாள் என்பது வரை.
என்ன வேண்டும் அவளுக்கு?
அது மட்டும் தெரியாது.

"இடைவேளையில என்ன வெடிக்குது?"
போனில் திலீபன்.
கீழே பணியாரக் கடையில்
கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. சொல்லவில்லை.

கோட்டையூர் வீட்டை முதலில் பார்த்த அன்று
அவன் துள்ளினான்.
"முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு!
மூணு அங்கமும் இங்கேயே இருக்கு பாரு,
கொத்தனார் எழுதின ஸ்கிரிப்ட்டு."
முன்வாசலில் நின்றால்
நேர்கோட்டில் பின்வாசல் தெரிந்தது,
அதற்கப்பால் அடுத்த தெருவில் ஒரு ஆடு.
எனக்குப் பயம் வந்ததே அங்கேதான்.

பிறகு லொகேஷன் மேனேஜர் அடைக்கலம் வந்தார்.
"வளவுக்கு ஒரு வாடகை, மாடிக்கு ஒரு வாடகை.
மேற்கே மூணாவது ரூம் மட்டும் கிடையாது மேடம்.
முப்பத்தெட்டு பங்காளியில முப்பத்தேழு பேர் ஓகே.
பினாங்குக்காரர் பதிலே போடல."

அந்த அறைதான் காட்சி 42.
அவள் பெட்டியைத் திறப்பாள், கடிதம் கிடைக்கும், அழுவாள்.
மூன்று பக்க வசனம்.
வாசித்துக் காட்டி நானே கண் துடைத்த வசனம்.

பெட்டி போயிற்று. கடிதம் போயிற்று.
மிஞ்சியது ஒரு தேக்குக் கதவு,
உள்ளங்கை அகலத்தில் ஒரு பூட்டு.

அன்றிரவு அவளை அதன் முன் நிறுத்தினேன்.
நான் எழுதாமலே
ஃபைலைக் கீழே வைத்தாள்.
முந்தானையால் பூட்டின் தூசியைத் துடைத்தாள்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் துடைப்பதுபோல.
புரோக்கரிடம் கேட்டாள்:
"இதுவும் சேர்த்தா வித்துட்டோம்?"

அவ்வளவுதான் வசனம்.
தூரத்தில் ரயில் ஊதியது.
அவள் ஏறவில்லை என்று எனக்குத் தெரிந்தது.
விடிவதற்குள் காட்சி 51.

ஷூட்டிங்குக்கு முதல் நாள்
கூரியரில் சாவி வந்தது.
கடுதாசி இல்லை, வெறும் சாவி.
"திறந்துடலாமா?"
வேண்டாம் என்றேன்.
திலீபன் கத்தினான். வேண்டாம் என்றேன்.

மறுநாள் விடிகாலை
எல்லோருக்கும் முன்னால் அடைக்கலம் தனியாகப் போய்
திறந்து பார்த்துவிட்டுப் பூட்டியிருக்கிறார்.
லைட்மேன் சொன்னான்.

நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.
பத்தொன்பது நாள் ஷூட்டிங்கில்
மானிட்டரைப் பார்த்த நேரத்தைவிட
அவர் முகத்தைப் பார்த்த நேரம்தான் அதிகம்.