இது மஞ்சள்தானே

பரந்தன் சந்தியிலிருந்து
வடக்கே கொஞ்சம் போனால் ஆனையிறவு.
குவியல் குவியலாய் உப்பு.
ஆனாலும் எங்கள் வீட்டுக் கடலுக்கு
உப்பு வருவது கொழும்பிலிருந்து,
இரவு பஸ்ஸின் அடித்தட்டில்,
பவளப்பாறைப் படம் போட்ட பக்கெற்றில்.
கறியுப்பு போதாதாம் அந்த மீனுக்கு.

தண்ணீர் என் பொறுப்பு.
சங்கத்து ஆர்.ஓ. நிலையத்தில்
லீற்றர் இரண்டு ரூபாய்க்கு விற்கிறவள் நான்.
எங்கள் கிணறோ
கேத்திலுக்குள் வெள்ளைச் செதில் வளர்க்கும் கிணறு.
காசு வைக்காமல் ஒரு கானும் எடுத்ததில்லை,
எனக்கு நானே பற்றுச்சீட்டு எழுதியிருக்கிறேன்.

கிளிநொச்சியில் மூடிப்போன ஹோட்டல் ஒன்றின்
நாலடித் தொட்டி.
முதல் ஆறு கிழமை அதற்குள் மீனில்லை.
கல், மணல், அழுகவிட்ட ஒற்றை இறால்.
"தவேந்திரன் வீட்டில கடல் இருக்காம்" என்று
ஓடி வந்த பிள்ளைகள்
இறாலைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.
கண்ணுக்குத் தெரியாததுகள் முதலில் குடிவரவேணும் என்றார் இவர்,
அழுகலைத் தின்று நஞ்சை ஆற்றுகிற கூட்டம்.

அந்த நாட்களில்தான் தெரியவந்தது.
கண்ணாடிக் குழாயில் ஐந்து மில்லி,
இரண்டு போத்தலிலிருந்தும் எட்டெட்டுத் துளி,
ஐந்து நிமிடம்.
வெள்ளைக் கடதாசியில் குழாயைச் சாய்த்து
"இது மஞ்சள்தானே" என்றார்.
வேப்பங்கொழுந்துப் பச்சை.
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
அப்போதுதான் விளங்கிற்று,
மிளகாய்த் தோட்டத்தில் காயையும் பழத்தையும்
ஒரே கடகத்தில் கொட்டியதற்கு
ஐந்து வருடமாய் நான் ஏசியது
எந்தக் கண்ணை என்று.

அன்றிலிருந்து அமோனியா என் கண்.
நைத்திரேற்றும் என் கண், செம்மஞ்சளா சிவப்பா என்று சொல்ல.
காரத்தன்மை மட்டும் அவருடையது:
அது நீலத்திலிருந்து மஞ்சளுக்குத் தாவும்,
நீலம் அவருக்குத் தெரியும்.
எத்தனையாம் துளியில் மாறுகிறதோ அதுதான் கணக்கு.
குறைந்தால் அப்பச்சோடா, அரைத் தேக்கரண்டி, மெல்ல.
அவசரப்பட்டால் கல்சியம் வெண்தூளாய் உதிர்ந்து
மோட்டரில் அப்பும்.

சித்திரை வெயிலுக்கு நாளுக்கு இரண்டு லீற்றர் போகும்.
போவது தண்ணீர். உப்பு இருந்துவிடும்.
குறைந்த இடத்துக்கு உப்புநீரே ஊற்றினால்
தொட்டி தடித்துப்போகும்;
வெறுந்தண்ணீர்தான் ஊற்றவேணும்.
இது விளங்க எனக்கு ஒரு மாதமும்
ஒரு நட்சத்திர மீனும் செலவாயிற்று.

என்னைக் கேளாமல் லான்ட்மாஸ்ரரை
தமையனின் கடனுக்கு ஈடு வைத்த கிழமை
நாங்கள் கதைக்கவில்லை.
மூன்றாம் நாள் இடி.
பதினொரு மணித்தியாலம் கரன்ட் இல்லை.
பற்றரிக் குமிழிமோட்டர் விடியமுன் நின்றுபோயிற்று.
கோமாளி மீன் இரண்டும் மேலே வந்து
வாயைத் திறந்து திறந்து மூடின.

குசினி மேசையில் குழாய் நின்றது.
கீழே வெள்ளைக் கடதாசி, பக்கத்தில் நிற அட்டை.
அவர் முற்றத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு.
கேட்கவில்லை.
நானும் சொல்லாவிட்டால்
அவருக்கு அது மஞ்சள்.
அவ்வளவு அதிகாரம் அந்தப் பச்சைக்குள் இருந்தது,
கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்தேன்,
பொய் சொல்லவில்லை.

பிறகு அட்டையில் ஒன்று என்ற கட்டத்தைப்
பென்சிலால் வட்டமிட்டேன்.
சைக்கிளில் நாலு கான் ஆர்.ஓ. ஏற்றி வந்தேன்.
அவர் உப்பை அளந்தார், நான் கலக்கினேன்,
முப்பத்தைந்து வரும்வரை உப்புமானியை
ஆள்மாறி ஆள் வெளிச்சத்துக்குப் பிடித்தோம்.
ஒரு சொல் இல்லை.
லான்ட்மாஸ்ரர் கடன்காரன் முற்றத்தில்தான் நிற்கிறது,
இன்றைக்கும்.

மறுநாள் விடிய, பாயில் கிடந்தபடி கேட்டேன்:
குசினியில் அவர் காரம் பார்க்கிறார்.
வழமையாய் மனதுக்குள் எண்ணுகிறவர்
அன்று வாய்விட்டு
ஐந்து என்றார். ஆறு.
ஏழுக்குப் பிறகு நீளமாய் ஒரு இடைவெளி.
நான் எழும்பி இருந்தேன்.
எட்டு.