பதினான்கு புள்ளி நான்கு

அட்டைப்பெட்டி சொல்கிறது: மூவாயிரம் வாட்.
சிவப்பெழுத்து, பின்னால் தீ,
தீக்குள் வாய் பிளந்த சிறுத்தை.
எந்த வோல்டேஜில் என்று மட்டும்
சிறுத்தை சொல்லவில்லை.

சாட்ஸ்வர்த், ஏழாம் யூனிட்.
மழைக்காகக் கராஜ் கதவை முக்கால்வாசி இறக்கியிருக்கிறேன்.
வங்கி தூக்கியெறிந்த சர்வர்களிலிருந்து கழற்றிய
இரண்டு பவர் சப்ளை. அவற்றுக்கு நடுவே ஆம்ப்.
ஆம்பின் மறுமுனையில் நான்கு ஓம் மின்தடை,
பெயிண்ட் வாளித் தண்ணீரில் மூழ்கி.
ஸ்பீக்கர் கிடையாது.
இவ்வளவு பேசுகிற ஒன்றைச் சோதிக்க
முதலில் அதன் வாயைக் கழற்றி வைக்க வேண்டும்.

கவிழ்த்த பால் கிரேட்டின்மேல் ங்கூமாலோ அம்மா.
அவருடைய பதினைந்து சீட் டாக்ஸி வெளியே நனைகிறது.
பள்ளிவிட்ட பிள்ளைகள்
அதிர்கிற வண்டியாகப் பார்த்து ஏறுகிறார்களாம்.
வார்விக் ஸ்டாண்டில் இவருடையது
கடைசியில் நின்று இருமுகிறதாம்.
"உன் தம்பி விற்றது" என்கிறார்,
ஆங்கிலத்தில் ஒருமுறை, சுலுவில் ஒருமுறை.
சுலுவில் கனம் கூடுதல்.

பதினான்கு புள்ளி நான்கில் வைக்கிறேன்.
திரையில் அலை பச்சையாக எழுகிறது.
உச்சி தட்டையாவதற்கு ஒரு மயிரிழை முன்னால்
விரலை எடுக்கிறேன்.
நாற்பத்து மூன்று வோல்ட்.
அதை அதனாலேயே பெருக்கி, நான்கால் வகுத்தால்
நானூற்று அறுபத்திரண்டு வாட்.
அவர் பெட்டியைப் பார்க்கிறார்.
நான் பார்க்கவில்லை.

பன்னிரண்டு புள்ளி ஆறு:
முந்நூற்று அறுபத்தொன்று.

"என்ன இது, இறங்கிக்கொண்டே போகிறது?"
எஞ்சின் ஓடும்போது இது ஒரு ஆம்ப், அம்மா,
நிறுத்தினால் வேறு ஆம்ப்.
ஸ்டாண்டில் உங்கள் லுங்கேலோ எஞ்சினை அணைத்துவிடுவானா?
"பெட்ரோல் என்ன விலை என்று தெரியுமா உனக்கு?"
தெரியும்.

பதினொன்று: இருநூற்று எழுபத்திரண்டு.
பத்தேகாலில்
சிவப்பு விளக்கு. அலை படுத்துவிட்டது.
இதற்குமேல் முடியாது என்று
அது தானாகவே சொல்லிவிட்டது.
இவ்வளவு ஒழுங்கான பதிலை
எங்கள் வீட்டில் யாரும் கொடுத்ததில்லை.

மார்ச்சில் நெவஷனின் கடனுக்கு
ஜாமீன் கையெழுத்துப் போட்டேன்.
இந்தச் சரக்கை இறக்கத்தான்.
அப்போது எனக்குத் துறைமுகத்தில் வேலை இருந்தது;
ஓவர்டைம் இருந்தது; எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
பதினான்கு புள்ளி நான்கில் இருப்பவளிடம்
எதைக் கேட்டாலும் ஆமாம் என்பாள்.
மேலாளர் பேனாவைத் திறந்தே கொடுத்தார்.
எந்த வோல்டேஜில் என்று அவரும் கேட்கவில்லை.

ங்கூமாலோ அம்மா எழுந்து வந்து
வாளிக்குள் விரலை விடுகிறார்.
சட்டென்று சிரிக்கிறார். "சூடு!"
ஒரு மணி நேரப் பாட்டு முழுவதும்
அந்தத் தண்ணீருக்குள் போயிருக்கிறது.
நானும் கையை விட்டேன்.
குழந்தையைக் குளிப்பாட்டும் பதம்.

"எழுதிக் கொடு" என்கிறார் பிறகு, சிரிப்பை நிறுத்தி.
"கடைக்கு எடுத்துப் போகணும்."
பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.
மின்தடை நான்கு ஓம்.
இடதுபக்கம் வோல்ட், வலதுபக்கம் வாட்.
மூன்று வரி. நான்காவதில்: பத்தேகாலில் நின்றுவிட்டது.
மூவாயிரம் என்ற எண்ணை எங்கும் எழுதவில்லை.
"தேதி போடு. பெயரை முழுசாகப் போடு."
கிருபாஷ்னி கோவெண்டர்,
மார்ச்சில் போட்ட அதே கையெழுத்து,
அதே சுழி.

கம்பி மெலிசு, மாற்றச் சொல்லுங்கள்,
இன்னொரு பேட்டரி வையுங்கள் என்று
பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே கதவைத் தூக்குகிறேன்.
காதில் வாங்கினாரா, தெரியவில்லை.
காகிதத்தை இரண்டாக மடித்து
நனையாத இடம் பார்த்து, ரவிக்கைக்குள் வைத்தார்.

டாக்ஸி போனபின் வாளியைச் சாக்கடையில் கொட்டினேன்.
ஆவி கொஞ்சம் எழுந்து மழையோடு போயிற்று.
மேசைமேல் போன் அதிர்கிறது. நெவஷன்.
கராஜின் பின்சுவரோடு
கூரை முட்ட அடுக்கிய பெட்டிகள்,
இன்னும் முப்பத்தொரு சிறுத்தைகள்,
எல்லாம் வாயைத் திறந்தபடி.