அக்கட்டு

கருங்கல்பாளையத்தில் காவிரிப் பாலம் ஏறும் பஸ்
பள்ளிபாளையத்தில் அதே பஸ்ஸாகத்தான் இறங்கும்,
கண்டக்டர், வெங்காயச் சாக்கு, பாக்கிச் சில்லறை சகிதம்.

நான் சோதித்த பாலத்தில் எதுவும் கடப்பதில்லை.
காசை இந்தச் சங்கிலியில் பூட்டுவார்கள்.
அந்தச் சங்கிலியில் அதற்கொரு சீட்டு அச்சாகும்.
ஈரோட்டுக் குடோனில் விரலி மஞ்சள் மூட்டை கிடக்க
ரசீது மட்டும் கைமாறிக் கைமாறி ஊர் சுற்றுமே,
அப்படி.

ஒன்பது சாவி. ஐந்து சேர்ந்தால் திறக்கும்.
ஒன்பது பேர், ஒன்பது தேசம் என்றது விளம்பரம்.
தேடிப் போனேன்.
நான்கு சாவி ஒரே சர்வரில் படுத்திருந்தன.
ஐந்தாவது,
போன வருஷம் வேலையை விட்டுப் போனவனிடம்
திரும்ப வாங்க மறந்தது.

சரவணம்பட்டி, ஏழாவது மாடி.
பதினேழாம் பக்கத்தில் 'கடும் ஆபத்து' என்று எழுதினேன்.
'நடுத்தரம்னு போட்டுக்கலாமா மேடம்?'
குரலில் அச்சு வெல்லம்.
எங்கள் பில் இன்னும் பாஸாகவில்லை.
ஒரு சொல்தானே.
மாற்றியதும் கட்டம் சிவப்பிலிருந்து மஞ்சளானது.
பார்க்க மங்களகரமாகக்கூட இருந்தது.

வியாழன் விடியக்காலம் மூணு பத்துக்கு
ஐந்து கையெழுத்து விழுந்தது.
ஐந்தும் அசல்.
பூட்டு உடையவில்லை. நாய் குரைக்கவில்லை.
கணக்கு எங்கேயும் தப்பவில்லை.
பதினொரு நிமிஷத்தில் குடோன் காலி.

பெருந்துறையிலிருந்து செல்லமுத்து அண்ணன் கூப்பிட்டார்.
சாயக் கெமிக்கல் ஏஜென்சி.
மகள் காலேஜுக்கு எடுத்துவைத்த ஒன்பது லட்சம்.
'ஏனம்மிணி, நேரா அனுப்புனா எண்ணூறு ரூவா கேட்டாங்க,
இதுல எட்டே ரூவாதான்னு அக்கட்டால மாத்துனேன்.
பாலம் போச்சுங்கறாங்க,
செல்லுல நம்பரு அப்படியேதான் காட்டுது.
ஒத்தப் பைசா கொறையல.
அப்போ இருக்குதுதானே?'

இருக்கிறது அண்ணா, சீட்டு இருக்கிறது.
ரசீது பொய் சொல்வதில்லை.
குடோனைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது, அவ்வளவுதான்.
இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
'பாக்கறேனுங்கண்ணா' என்றேன்.

கொஞ்ச நேரம் அவர் பக்கம்
பேரல் உருளும் சத்தம் மட்டும்.

'அந்த ரிப்போர்ட்டப் பாத்துட்டுத்தான் கண்ணு போட்டேன்.
கடைசியில உம் பேரு இருந்துச்சு.
இங்கிலீஷ்ல இருந்ததால பையனைப் படிக்கச் சொன்னேன்.
நடுத்தரம்னு போட்டிருக்குதுன்னான்.
நடுத்தரம்னா
நம்மளாட்டந்தானேன்னு நெனச்சேன்.'