பட்டியலின் அடியில்

ஒரு நாளைக்கு எண்ணூறு மீன் திறக்கிறேன், கர்த்தாவே.
தொண்டையில் கத்திமுனை, அடிவயிறுவரை ஒரே இழுப்பு.
ஈரல் ஒரு தொட்டிக்கு, சினை இன்னொன்றுக்கு,
குடல் கடற்காகங்களுக்கு.
உள்ளே எதையெதையோ பார்த்திருக்கிறேன்:
குட்டி நண்டு, கூழாங்கல்,
ஒருமுறை ஒரு சட்டைப் பொத்தான்.
பேதுருவுக்குக் கிடைத்த வெள்ளிக்காசு மட்டும்
லொஃபோட்டன் பக்கம் இன்னும் வரவில்லை.

மேலே சொல்லப்போவது உமக்குத் தெரிந்த கதைதான்.
தெரியாததுபோல் கேட்டுக்கொள்ளும்.

ஞாயிறுதோறும் மன்றாட்டு வாசிப்பது நான்.
போதகர் ஸ்வன்ஹில்ட் வியாழனே பட்டியல் அனுப்பிவிடுவார்.
சனி இரவு பென்சிலால் நானும் சேர்ப்பேன்:
வடக்கே போன படகுகள்,
இடுப்பெலும்பு முறிந்த ஒட்லாக்,
ட்ரொம்ஸோ ஆஸ்பத்திரியில் குறைமாதத்தில் பிறந்து
இன்னும் பெயர் வைக்காத ஒரு குழந்தை.
பதினான்கு வருஷம்.
இஸ்திரி போட்ட குரலில்
ஊர் முழுவதையும் உம் காலடியில் இறக்கிவிட்டு
கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்,
சரக்கை இறக்கிய லாரி காலியாகத் திரும்புவதுபோல்.

வலது கையில் மூன்று விரல் மரத்துப்போய்
இரண்டு குளிர்காலம் ஆகிறது.
கத்தி இருக்கிறதா நழுவியதா என்று
கண்தான் சொல்கிறது.
மேஸ்திரி யூஸ்தைனுக்குத் தெரியாது.
ஆர்ன்ஃபினுக்குத் தெரியாது;
குவளை உடைந்தால் பூனையைத் திட்டுகிறேன்.
உம்மிடமும் சொல்லவில்லை.
சொன்னால் முடியாது என்பீரோ என்று பயம்.
ஒன்றுமே சொல்லாமல் இருந்துவிடுவீரோ என்பது
அதைவிடப் பெரிய பயம்.

மார்ச் இரண்டாம் ஞாயிறு.
வெளியே பனியும் மழையும் ஒன்றாக.
பெஞ்சுக்கு அடியில் ஹீட்டர் ஓட,
கூரையிலிருந்து தொங்கும் மரக்கப்பல்
சூட்டுக்காற்றில் மெல்லத் திரும்பி
எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது.
ஒட்லாக்கின் இடுப்பு முடிந்தது. படகுகள் முடிந்தன.
குழந்தைக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், அதையும் வாசித்தேன்.
காகிதம் தீர்ந்தது.
ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில்
வேறொன்று வாயில் வந்தது:

"யூரிட். அவள் கை…"

அவ்வளவுதான். வினைச்சொல் இல்லாத ஜெபம்.
ஆர்கன்காரரின் கால் நழுவி
பெடல் ஒன்று அடித்தொண்டையில் உறுமியது.
மூன்றாம் வரிசையில் ஆர்ன்ஃபின்
மடியிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
விலைச்சீட்டைத் தேடுகிறவன்போல்.
யாரோ இருமினார்கள்.
பிறகு எல்லோரும் வழக்கமாய்ச் சொல்வதையே சொன்னார்கள்,
கர்த்தாவே, கேட்டருளும் என்று,
ஒட்லாக்கின் இடுப்புக்குச் சொன்ன அதே சுருதியில்.

எண்ணூறு மீன் திறக்கிறவளுக்கு
இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்:
கத்தி நுழையும் இடம் சின்னதுதான்.

திருவிருந்துக்கு முழங்காலிட்டேன்.
உள்ளங்கையில் அப்பம் வைக்கப்பட்டது.
செத்த விரல்களால் அதை எடுத்தேன்.
எடுத்தேனா என்று விரலுக்குத் தெரியவில்லை.
குனிந்து பார்த்தேன்.
வெள்ளையாக, காகிதம்போல மெலிதாக,
இருந்தது.

விரல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, கர்த்தாவே.
செவ்வாய்க்கிழமை டாக்டர் வரச்சொல்லியிருக்கிறார்,
ஏழு பத்து பஸ்.
ஆர்ன்ஃபின் தானும் வருவதாகச் சொல்கிறான்,
ஜன்னல் பக்கம் தனக்கு வேண்டுமாம்.
பூனையிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று.